கூரை போட்ட பாலங்கள்

வீட்டுக்குக் கூரை வேண்டும். சமைப்பதற்கும் தூங்குவதற்கும் சண்டை போடுவதற்கும் மனிதனுக்கு ஒரு மறைவு வேண்டியிருக்கிறது. மாட்டுக்குக்கூடக் கொட்டகை போடுகிறோம். ஆனால் பாலத்துக்குக் கூரை எதற்கு? இந்தக் கரையில் ஏறி அந்தக் கரையில் இறங்கும் காரியம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அந்த அரை நிமிஷம் மழையில் நனைந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? இருந்தாலும், அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மரப் பாலங்களைக் கட்டி, இரண்டு பக்கமும் பலகைச் சுவர் வைத்து, மேலே கூரையும் போட்டிருக்கிறார்கள். அவற்றில் இன்று மிஞ்சியவை ஆயிரத்துக்கும் குறைவு. தூரத்திலிருந்து பார்த்தால், ஒரு தானியக் களஞ்சியம் கால் வழுக்கி ஆற்றின் குறுக்கே படுத்துவிட்டதைப் போல் இருக்கும்.

காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். குதிரைகள் ஓடுகிற தண்ணீரைக் கண்டால் மிரளும். சுவர் வைத்து மறைத்துவிட்டால், தங்கள் லாயத்துக்குள் நுழைவதாக நினைத்துக்கொண்டு சமர்த்தாக நடக்கும் என்பது ஒரு கட்சி. பனி விழுந்து குவிந்து பாலம் பாரம் தாங்காமல் ஒடிந்துவிடாமல் இருக்கத்தான் கூரை என்பது இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்கு வேடிக்கையான பதில் ஒன்று உண்டு. பனிக்காலத்தில் அந்தப் பிரதேசங்களில் சக்கர வண்டிக்கு மதிப்பில்லை. சறுக்கு வண்டிதான் போகும். சறுக்கு வண்டி ஓடத் தரையில் பனி வேண்டும். கூரை போட்ட பாலத்துக்குள் பனி எப்படி விழும்? ஆகவே கூலி கொடுத்து ஆள் வைத்து, வெளியிலிருந்து பனியை வாரிக்கொண்டு வந்து பாலத்துக்குள்ளே பரப்பினார்கள்! பனிக்குப் பயந்து கூரை போட்டவர்கள் செய்கிற காரியமா இது?

மூன்றாவது கட்சி காதலர்களுடையது. வண்டியில் போகிற வாலிபனும் யுவதியும் ஊரார் கண்ணில் படாமல் ஒரு நிமிஷம் இருப்பதற்குக் கிடைத்த இடம் என்பதால், 'முத்தப் பாலம்' என்றே இவற்றுக்குப் பட்டப் பெயர் வந்தது. ஆனால் இது கூரையினால் கிடைத்த பலன். கூரைக்குக் காரணம் ஆகாது. வரிப் பணத்தை ஒதுக்கிய அதிகாரிகள் காதலர்களை மனசில் வைத்துக்கொண்டு ஒதுக்கியிருப்பார்கள் என்று, நாவல் எழுதிப் பிழைக்கிற நானே நம்பத் தயாராயில்லை.

உண்மைக் காரணம் சிக்கனம். மரம் எப்போதும் காய்ந்தே கிடந்தால் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தாலும் நெடுநாள் கெடாது. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருந்தால்தான் அதற்கு ஆயுசு குறைவு. அதிலும் கட்டையும் கட்டையும் சேருகிற பொருத்துகளில் தண்ணீர் தங்கிவிட்டால், பூஞ்சை பிடித்து உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். வெளியே பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும் பாலம், ஒரு நாள் பாரவண்டி ஏறும்போது நம்மை ஆற்றில் இறக்கிவிடும்.

1805-ல் பிலடெல்பியா நகரத்தில் ஸ்கூல்கில் ஆற்றின்மேல் டிமதி பால்மர் என்ற பாலத் தச்சர் ஒரு பெரிய மரப் பாலத்தைக் கட்டி முடித்தார். பாலக் கம்பெனியின் தலைவர் ரிச்சர்டு பீட்டர்ஸ் என்ற நீதிபதி. இவ்வளவு பணத்தைக் கொட்டிக் கட்டியதை மழையிலும் வெயிலிலும் போட்டு வைப்பதா என்று அவருக்கு மனம் கேட்கவில்லை. மூடிவிட வேண்டும் என்றார். பால்மருடைய அனுபவமும் அதற்குச் சாதகமாகவே பேசிற்று. திறந்து கிடக்கும் மரப் பாலம் பத்துப் பன்னிரண்டு வருஷம் தாங்கும். நன்றாக மூடினால் முப்பது, ஏன், நாற்பது வருஷம்கூடத் தாங்கும் என்று அவர் எழுதினார். மூடினார்கள். அமெரிக்காவின் முதல் கூரைப் பாலம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பால்மர் போட்ட கணக்கையும் தாண்டி அது நின்றது. 1850-ல் ரயில் போவதற்காக அதை மாற்றிக் கட்டினார்கள். 1875-ல் தீப்பிடித்து எரிந்து போயிற்று. மழையை ஜயித்த மரம் நெருப்புக்குத் தோற்ற கதை அப்போதே தொடங்கிவிட்டது.

பால்மரைப் போன்ற கைதேர்ந்த தச்சர்கள் ஊருக்கு ஊர் கிடைப்பார்களா? இந்தக் கஷ்டத்தைத் தீர்த்து வைத்தவர் இதியல் டவுன் என்ற கட்டடக் கலைஞர். கனெக்டிகட்டில் பிறந்தவர், கோயில்களும் அரசாங்க மாளிகைகளும் கட்டிப் பெயர் வாங்கியவர். பெரிய பெரிய உத்தரங்களைச் செதுக்கி, வளைத்து, பொருத்துகிற பழைய முறையை விட்டுவிட்டு, சாதாரண அறுத்த பலகைகளையே ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் மறுக்குமாக வைத்து, ஜன்னல் கிராதியைப் போல் பின்னிவிட்டார். பலகைகள் ஒன்றையொன்று தாண்டுகிற இடங்களில் துளை போட்டு, ஓக் மரத்தில் செய்த முளைகளை அடித்து இறுக்கினார். இரும்புச் சாமான் அதிகம் வேண்டியதில்லை. பக்கத்து மரவாடியில் பலகையும், கிராமத்தில் ஒரு சுமாரான தச்சனும் இருந்தால் போதும், பாலம் தயார். 1820-ல் இதற்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். அவருடைய முறையில் பாலம் கட்டுகிறவர்கள் அடிக்கு ஒரு டாலர் வீதம் அவருக்குக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கட்டிவிட்டு அகப்பட்டுக்கொண்டால் அடிக்கு இரண்டு டாலர்! எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வசூல் முறையை யாராவது கண்டுபிடித்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

அந்தக் கிராதிப் பாலங்களைக் காண்பதற்காக நான் போன இடம், ஐயோவா ராஜ்யத்தில் உள்ள மாடிஸன் கவுண்டி. கவுண்டி என்றால் நம் பக்கத்துத் தாலுகாவைப் போல ஒரு நிர்வாகப் பிரிவு. ஐயோவாவின் தலைநகரான டெமாயின் நகரத்தில் வேலையாக இருக்கும் ஒரு தமிழ் நண்பர், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதத்தில் என்னைக் காரில் அழைத்துப் போனார். தென்மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியெல்லாம் சோளக் கொல்லை. நம் ஊர்ச் சோளம் அல்ல, மக்காச்சோளம். அறுவடையாகிக் கொண்டிருந்தது. மேடும் பள்ளமுமாகப் பூமி உருண்டு போகிறது. பள்ளங்களிலெல்லாம் ஓர் ஓடையோ சிற்றாறோ ஓடுகிறது. பாலம் இல்லாமல் அந்த ஊரில் ஒரு மூட்டை தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

கவுண்டியின் தலைமை ஊருக்கு வின்டர்ஸெட் என்று பெயர். 1849-ல் ஊருக்குப் பெயர் வைக்கக் கூடினார்களாம். 'ஸம்மர்ஸெட்' என்று வைக்கலாம் என்று யாரோ சொன்னார். ஸம்மர் என்றால் கோடை. ஜூலை மாதமாக இருந்தும் அன்றைக்குப் பார்த்துக் குளிர் வாட்டியதாம். 'கோடையாம் கோடை! குளிர்காலத்தின் பெயரை வைத்து வின்டர்ஸெட் என்று சொல்லுங்கள்' என்று ஒரு குரல் எழுந்ததாம். அதுவே நிலைத்துவிட்டது. சினிமா நடிகர் ஜான் வேய்ன் 1907-ல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் பிறந்த வீட்டைக் காட்டிப் பெருமைப்படுகிறார்கள். நமக்கு வேண்டியது அதுவல்ல.

இந்த ஒரு கவுண்டியில் முன்பு 19 கூரைப் பாலங்கள் இருந்தன. இன்று 6 இருக்கின்றன. இவற்றுக்குக் கூரை போடச் சொன்ன கவுண்டி நிர்வாகிகளின் காரணம் பீட்டர்ஸ் நீதிபதியின் காரணமேதான். தளத்துக்குப் போடுகிற பெரிய கட்டைகள்தான் விலை உயர்ந்தவை. பக்கப் பலகையும் கூரைப் பலகையும் மலிவு. மலிவான பலகை மழையில் நனைந்து கெட்டால் அதைக் கழற்றிப் போட்டு வேறு அடித்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த கட்டை உள்ளே சுகமாக இருக்கும். நம் வீட்டுப் பெண்கள் பட்டுப் புடவையைப் பழைய வேஷ்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள் அல்லவா? அந்தப் புத்திதான். ஐயோவாவில் அந்தப் புத்தி ஆண்களுக்கும் இருந்திருக்கிறது.

பாலங்களுக்குப் பெரிய மனிதர்கள் பெயரை வைக்கவில்லை. பக்கத்தில் யார் குடியிருந்தாரோ அவர் பெயர். ரோஸ்மன் என்பவர் வீட்டோரம் இருந்தது ரோஸ்மன் பாலம். அப்படித்தான் ஹாலிவெல், ஐம்ஸ், கட்லர்-டோனஹோ எல்லாம். கட்டியவர்களும் பிரசித்தர்கள் அல்ல. பென்டன் ஜோன்ஸ் என்ற பெயர் பல பாலங்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1870-லும் அடுத்த வருஷத்திலும் கட்டிய ஐம்ஸ், கட்லர்-டோனஹோ இரண்டும்தான் மூத்தவை. ஹாலிவெல் 1880, ரோஸ்மனும் ஸீடரும் 1883, ஹாக்பேக் 1884. இவற்றில் நீளமானது ஹாலிவெல், 122 அடி. சிறியது ஸீடர், 76 அடி. இந்த அளவுகளைக் கேட்டு யாரும் மூர்ச்சை போட வேண்டியதில்லை. நம் பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் இவற்றைக் கொண்டுவந்து வைத்தால் தீப்பெட்டி மாதிரி இருக்கும்.

ஆனால் உள்ளே போய் நிற்க வேண்டும். மிடில் ஆற்றின்மேல் இருக்கும் ரோஸ்மன் பாலத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது வெளியே நல்ல வெயில். இரண்டடி வைத்ததும் சட்டென்று நிழல். பழைய மரத்தின் வாசனை. பலகை இடுக்குகள் வழியே வெயில் நூல் நூலாக இறங்கி, கிராதியின்மேல் விழுந்து, தளத்தில் இன்னொரு கிராதியை வரைந்திருந்தது. நம் காலடிச் சத்தமே யாரோ பின்னால் வருவதுபோல் கேட்கிறது. கீழே ஆறு ஓடுவது தெரியவில்லை, கேட்கிறது. குதிரை மிரளாது என்று சொன்னவர்கள் கட்சியிலும் ஏதோ நியாயம் இருக்கிறது என்று அந்த இடத்தில்தான் எனக்குப் பட்டது. நண்பர் தொழிலால் என்ஜினீயர். அவர் முளைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். "ஸார், நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இந்த முளை இன்னும் அசையவில்லை பாருங்கள்" என்றார். நான் பார்த்தது வேறு. கைக்கு எட்டுகிற உயரம் வரை பலகையெல்லாம் பெயர்கள். கத்தியால் கீறியவை, மையால் எழுதியவை, இருதயம் வரைந்து அதற்குள் இரண்டிரண்டாக அடைத்தவை. நம் நாட்டுக் கோட்டைச் சுவர்களில் பார்த்துப் பழகிய எழுத்துத்தான். பாஷைதான் வேறு.

இந்த ரோஸ்மன் பாலத்துக்கு ஒரு பேய்க் கதை இருக்கிறது. 1892-ல் கவுண்டிச் சிறையிலிருந்து ஒரு கைதி தப்பி ஓடினான். துரத்திய ஆட்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, பாலத்தின் இரண்டு வாயிலையும் ஒரே சமயத்தில் அடைத்துக்கொண்டார்கள். உள்ளே அவன். இரு பக்கமும் பலகைச் சுவர். மேலே கூரை. அப்போது பயங்கரமாக ஓர் ஊளைச் சத்தம் கேட்டதாம். அந்த மனிதன் நேரே மேலெழும்பிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டானாம்! அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. இதைவிட எனக்குப் பிடித்தது ஊரார் சொல்லிய தீர்ப்பு. இப்படி ஒரு காரியத்தைச் செய்ய முடிந்தவன் நிச்சயமாக நிரபராதியாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்களாம். துரத்தியவர்களுக்கும் அதுதான் சௌகரியம். கைதியைக் கோட்டை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தோம் என்று சொல்வதைவிட, ஆகாயத்தில் மறைந்தான் என்று சொல்வது எவ்வளவோ கௌரவம்.

கூரை மழையைத் தடுத்தது; காலத்தைத் தடுக்கவில்லை. இரும்புப் பாலம் வந்தது. மோட்டார் வண்டி வந்தது. பிறகு கான்கிரீட் வந்தது. குதிரை வண்டிக்குக் கட்டிய பாலம் லாரிக்குக் காணாது. அகலமும் போதாது, உயரமும் போதாது. வெள்ளத்தில் சில போயின. பிரித்துப் போட்டவை பல. 19 பாலம் 6 ஆனதற்கு இவைதான் பெரும்பாலும் காரணம்.

மிஞ்சிய ஆறும் எப்படி மிஞ்சின? இதில்தான் எனக்கு அக்கறை. ஐம்ஸ் பாலத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். முதலில் மிடில் ஆற்றின்மேல் நின்றது. 1887-ல் அதைப் பெயர்த்தெடுத்துக் கிளான்டன் ஓடையின்மேல் வைத்தார்கள். 1977-ல் மறுபடியும் பெயர்த்து, செயின்ட் சார்லஸ் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஸீடர் பாலத்தை 1921-ல் இடம் மாற்றினார்கள். கட்லர்-டோனஹோ பாலம் 1970-ல் வின்டர்ஸெட் பூங்காவுக்குக் குடிவந்தது. மற்றவை பலவற்றுக்குக் கூரை தட்டையாக இருக்க, இதற்கு வீட்டுக் கூரையைப் போல இருபுறமும் சரிந்த கூரை. அதே 1970-ல் வின்டர்ஸெட்காரர்கள் வருஷா வருஷம் அக்டோபரில் பாலத் திருவிழா ஒன்று நடத்தத் தொடங்கினார்கள். 1976-ல் பாலங்கள் தேசியச் சரித்திரச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறின. 1992-ல் ரோஸ்மன் பாலத்தை ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்தார்கள். இந்த வருஷங்களை நான் வேண்டுமென்றே வரிசையாகச் சொல்கிறேன். ஏனென்றால், பாலங்களைப் பிழைக்க வைத்தது ஒரு நாவல் என்று உலகத்தில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நாவல் வெளிவந்ததும் அதே 1992-ல்தான். எழுதியவர் ராபர்ட் ஜேம்ஸ் வாலர். ஐயோவாவில் ஒரு சர்வகலாசாலையில் வர்த்தக நிர்வாகம் கற்பித்த பேராசிரியர். கூரைப் பாலங்களைப் படம் எடுக்கப் போன இடத்தில் கதை தோன்றிற்றாம். சுமார் இரண்டு வாரத்தில் எழுதி முடித்துவிட்டாராம். பெயர், 'மாடிஸன் கவுண்டியின் பாலங்கள்'. கதை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். 1965-ம் வருஷம். ஒரு பண்ணையாரின் மனைவி. இத்தாலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷனும் குழந்தைகளும் ஒரு கண்காட்சிக்குப் போயிருக்கிறார்கள். நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகைக்குப் படம் எடுக்கும் ஒருவன் வந்து, ரோஸ்மன் பாலத்துக்கு வழி கேட்கிறான். நான்கு நாள். பிறகு அவன் போய்விடுகிறான். அவள் குடும்பத்தோடு இருந்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

விமரிசகர்கள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஜனங்கள் வாங்கித் தீர்த்தார்கள். ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிற்று. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் மூன்று வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. 1995-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைப் படமாக எடுத்து, மெரில் ஸ்டிரீப்போடு தாமே நடித்தும் காட்டினார். இரண்டு வார வேலைக்கு இத்தனை பலனா என்று எனக்குப் பொறாமை இல்லையென்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. ஆகவே சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவைதான் விசித்திரம். நேஷனல் ஜியாக்ரபிக் காரியாலயத்துக்குக் கடிதங்களும் டெலிபோன்களும் வந்து குவிந்தன. கதாநாயகன் எடுத்த பாலப் படங்கள் வெளிவந்த பழைய இதழ் வேண்டும் என்று வாசகர்கள் கேட்டார்கள்! அப்படி ஓர் ஆள் இல்லை, அப்படி ஓர் இதழும் இல்லை என்று பத்திரிகைக்காரர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. படத்துக்காக, வருஷக் கணக்கில் ஆள் இல்லாமல் பாழாய்க் கிடந்த ஒரு பண்ணை வீட்டைச் செப்பனிட்டுக் கதாநாயகியின் வீடாக்கினார்கள். படம் முடிந்த பிறகு ஜனங்கள் அந்த வீட்டைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். பிறக்கவே பிறக்காத ஒரு பெண்மணியின் சமையலறையில் நின்று கண் கலங்கினார்கள். நாவலாசிரியர்களுக்கு இதைக் காட்டிலும் பெரிய வெற்றி இல்லை. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

நாவல் கூட்டத்தைக் கொண்டுவந்தது. கூட்டம் பணத்தைக் கொண்டுவந்தது. பணம் பழுது பார்க்க உதவிற்று. இதை மறுக்க முடியாது. ஆனால் வாலர் காமிராவோடு அந்த ஆற்றங்கரையில் வந்து நின்றபோது அங்கே படம் எடுக்க ஒரு பாலம் இருந்ததே, அது யாரால்? 1970-ல் திருவிழாக் கொடி கட்டியவர்களாலும், பாலத்தைப் பெயர்த்துப் பத்திரமாக வேறிடத்தில் இறக்கியவர்களாலும், பெயர் தெரியாத கவுண்டித் தச்சர்களாலும். அந்தச் செலவுக்குக் கை தூக்கியவர்களின் கதையை யாரும் எழுதவில்லை. அதில் நான்கு நாள் காதல் இல்லை. வரவு செலவுக் கணக்குத்தான் இருக்கிறது.

இனி நெருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாவதாக ஒரு பாலம் வெகுநாள் இருந்தது. மக்பிரைடு பாலம் என்று பெயர். 1983-ல் ஒருவன் அதைக் கொளுத்திவிட்டான். காதல் முறிந்து போன ஒருவன், பாலத்துப் பலகையில் தன் பெயரையும் அவள் பெயரையும் கீறி வைத்திருந்தானாம். அந்த எழுத்தை அழிப்பதற்காகப் பாலத்தையே எரித்துவிட்டான் என்று சொல்கிறார்கள். ஓர் இழைப்புளி போதுமே! இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த நிலையில் இருக்கும் மனிதன் இழைப்புளியைத் தேடுவதில்லை என்பதும் எனக்குத் தெரிகிறது. வாலருடைய நாவல் வருவதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அந்தப் பாலங்களிலேயே நடந்த காதல் கதை இது. இரண்டில் எது நல்ல கதை என்று என்னைக் கேட்காதீர்கள்.

2002 செப்டம்பரில் ஸீடர் பாலத்தை யாரோ எரித்தார்கள். வாலருடைய புத்தகத்தின் அட்டையில் இருப்பது இந்தப் பாலம்தான். அது மட்டுமல்ல, ஆறு பாலங்களில் அப்போது வண்டி போய்வந்து கொண்டிருந்ததும் இது ஒன்றுதான். மற்றவை காட்சிப் பொருளாகிவிட்ட பிறகும் இது மட்டும் பாலமாகவே உத்தியோகம் பார்த்தது. 119 வருஷ வெள்ளத்துக்கும் பனிக்கும் பாரவண்டிக்கும் ஈடு கொடுத்த மரம் ஒரே இரவில் கரியாயிற்று. அடுத்த வருஷம் அக்டோபரில் கதாநாயகியின் வீட்டுக்கும் தீ வைத்தார்கள்.

காய்ந்த மரம், நான்கு பக்கமும் மறைவு, இரண்டு வாயிலிலும் காற்று: நெருப்பு மூட்டுவதற்கு இதைவிட வசதியாக அடுப்புக் கட்ட முடியாது. எந்தக் கூரை மரத்தை உலர்வாக வைத்துக் காத்ததோ, அதே கூரைதான் அடுப்புக்கு மூடியும் ஆகிறது. இது மாடிஸன் கவுண்டிக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. ஸ்விட்ஸர்லாந்தில் லூஸர்ன் நகரத்தின் 14-ம் நூற்றாண்டுக் கூரைப் பாலம் 1993-ல் எரிந்தது. இந்தியானா ராஜ்யத்தில் பார்க் கவுண்டியின் பிரிட்ஜ்டன் பாலத்தை 2005-ல் ஒருவன் கொளுத்தினான். இரண்டு ஊரிலும் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டிவிட்டார்கள். பிரிட்ஜ்டனில் அடுத்த வருஷத்திலேயே.

ஸீடர் பாலத்தையும் அப்படித்தான் 2004-ல் கட்டினார்கள். அதே இடம், அதே நீளம், அதே கிராதி. ஊரெல்லாம் கூடிக் கொண்டாடிற்று. பதின்மூன்று வருஷம் போயிற்று. 2017 மார்ச்சில் வாலர் காலமானார். ஏப்ரலில் ஸீடர் பாலம் மறுபடியும் எரிந்தது. இந்தத் தடவை அகப்பட்டவர்கள் பள்ளிக்கூட வயசைத் தாண்டியும் தாண்டாத பையன்கள். கதாசிரியன் போனான், அட்டைப் படமும் போயிற்று என்று இதில் விதியின் கையைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிவதெல்லாம் பையன்களின் கை.

இரண்டாம் தடவை கேள்வி கடினமானது. முதல் தடவை, இழந்ததை மீட்கிறோம் என்ற ஆவேசம் இருந்தது. இப்போது எரிந்ததே 13 வயசுப் பாலம். அதைத் திரும்பக் கட்டினால் நகலுக்கு நகல் எடுப்பது போலத்தானே? அந்த ஓடையில் ஒரு கான்கிரீட் பாலம் போட்டால் எந்தப் பையனாலும் எரிக்க முடியாது; வரி கொடுக்கிறவர்களுக்கும் லாபம். 1883-ம் வருஷத்து நிர்வாகிகள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், அவர்களுடைய கணக்குப்படி கான்கிரீட்டுக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் அழகுக்காக ஒரு பலகையும் அடித்தவர்கள் அல்லவே!

2019-ல் மூன்றாவது ஸீடர் பாலத்தைத் திறந்தார்கள். மறுபடியும் மரம்தான். மறுபடியும் கூரைதான். மழைக்குத் தாங்கும்படி மருந்து ஊட்டிய மரம் இப்போது கிடைக்கிறது. கூரை இல்லாமலே பல வருஷம் இருக்கும். பாலத்தைக் காப்பாற்றுவதற்காக அன்று கூரை போட்டார்கள். அந்தக் கூரை வேண்டுமென்பதற்காக இன்று பாலம் கட்டுகிறார்கள். செலவுக் கணக்கு நேர் தலைகீழாகிவிட்டது. "இதற்குப் பெயர் சிக்கனமா, ஸார்?" என்று நண்பர் கேட்டார். ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தமிழ் தெரியாதவர்தான். ஆனாலும் நண்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

நாங்கள் அந்தப் பாலத்துக்குள் நடந்துபோனோம். ரோஸ்மன் பாலத்தில் அடித்த பழைய மரவாசனை இங்கே இல்லை. புதுப் பலகை. ஆனால் வெயில் அதே மாதிரி நூல் நூலாகத்தான் விழுந்தது. காலடிச் சத்தமும் அதே மாதிரிதான் கேட்டது. நடுப் பாலத்தில் நண்பர் நின்று, வழக்கம்போல முளைகளைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இறங்கியிருக்கிறது என்றார். அவர் விரலுக்கு ஒரு சாண் மேலே, அதற்குள்ளேயே யாரோ இரண்டு பேர் தங்கள் பெயரின் முதல் எழுத்துக்களைக் கத்தியால் ஆழமாகக் கீறி வைத்திருந்தார்கள்.